நீ சொன்ன வசனம் அந்தப் படத்தில் இல்லை, மச்சான்

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். அணு மின் நிலையப் படம். பென்டிரைவில் வைத்துக்கொண்டு போகிறவன் வருகிறவனையெல்லாம் பிடித்து உட்காரவைத்துக் காட்டுவாயே, அதே படம்தான். நான் கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். "இங்கிட்டு வாங்க, ஒங்க மச்சான் படம் ஓடுது" என்று என் வீட்டுக்காரி, நீ வாய் நிறையத் தங்கச்சி என்று கூப்பிட்டவள், உள்ளேயிருந்து கத்தினாள். என்னமோ நீயே நடித்த படம் மாதிரி. போய்ப் பார்த்தால் வெள்ளைக்காரர்கள் எல்லாரும் சுத்தமான தமிழில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே உட்கார்ந்தவன், படம் பாதி ஓடுவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படத்தில் நெல்லும் கிடையாது, உமியும் கிடையாது. சுவர் முழுக்க விளக்கும் முள்ளும் வைத்த ஒரு பெரிய அறை, அதில் சட்டை கசங்காத ஆட்கள். ஆனால் அந்த அறையைக் கண்டதுமே நெல் அவியும் வாசனை என் மூக்கில் ஏறிவிட்டது. எனக்கு அந்தப் படம் என்றால் நம் மில்தான்.

நீ போய் ஒரு வருஷமும் கொஞ்சமும் ஆகிறது. நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று ஆட்டோவில் ஏறியவன், ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடித்துக்கொண்டாய். உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். எழுதி உன் மகளிடம் கொடுக்கப்போகிறேன். பாய்லர் சங்கதி அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது. உனக்குத் தெரிந்ததையே நான் உனக்கு விளக்கிக்கொண்டிருந்தால் கோபப்படாதே.

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் அந்த அரிசி மில்லில் நாம் இரண்டு பேரும் பாய்லர் ஆட்கள். காலை ஆறு முதல் இரண்டு வரை நான், இரண்டு முதல் பத்து வரை நீ. நெல் அவிக்க ஆவி வேண்டும், ஆவிக்கு பாய்லர் வேண்டும், பாய்லருக்கு உமி தள்ள ஆள் வேண்டும். உமி தள்ளுவதெல்லாம் ஒரு வேலையே இல்லை என்பாய் நீ. உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை. அதைக் காட்ட பாய்லரின் முகத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். நம்ம பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். கண்ணாடிக்குப் போகிற துவாரத்தில் உப்பு படிந்து அடைத்துக்கொண்டால், உள்ளே தண்ணீர் இறங்கினாலும் கண்ணாடியில் மட்டும் நின்றது நின்றபடி நிற்கும். ஆகவே ஷிப்டுக்கு ஒரு தடவை கண்ணாடியின் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து ஊதிவிட வேண்டும். தண்ணீர் எல்லாம் ஓடி, மூடியதும் சட்டென்று மேலே ஏறினால் சரி. சோம்பலாக ஏறினால் அடைப்பு.

இரண்டு மணிக்கு நீ வந்ததும் முதல் காரியமாக அதை ஊதுவாய். நான் இப்போதுதான் ஊதினேன் என்று சொன்னாலும் ஊதுவாய். எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஒரு நாள் கேட்டே விட்டேன்: "என்னைய நம்பலையா மச்சான்?"

"ஒன்னைய நம்புறேன் மாப்ளே. கண்ணாடியத்தான் நம்பல."

இதைச் சொல்லிவிட்டு என் தோளில் கரிக்கையை வைத்துத் துடைத்துக்கொண்டு போனாய். அந்தச் சட்டை கடைசிவரை வெளுக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை காலையில் நான் ஊதவில்லை. இதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமானால் சொல்லலாம். தை அறுவடை முடிந்து நெல் லாரி லாரியாக வந்து நின்றது, மேனேஜர் ஐந்தே முக்காலுக்கே வந்து ஆவி எங்கே ஆவி எங்கே என்று உயிரை எடுத்தார். ஆனால் அது காரணம் இல்லை. ஊதுவதற்கு ஒரு நிமிஷம் போதும். கண்ணாடியில் தண்ணீர் நன்றாகத்தானே நிற்கிறது என்று விட்டுவிட்டேன். சோம்பேறித்தனம், வேறு ஒன்றும் இல்லை.

பத்து மணி வாக்கில் அடுப்புக்குள் ஒரு சத்தம். ஆயிரம் பாம்பு ஒன்றாகச் சீறின மாதிரி. அடுப்பு வாய் வழியாக வெள்ளையாக ஆவி பாய்ந்து, நெருப்பு அணைந்து, நான் வெளியே வந்து விழுந்தேன். உன் மகளுக்காகச் சொல்கிறேன்: பாய்லரில் அடுப்பின் உச்சித் தகட்டில் ஒரு சின்னப் பித்தளை பிளக் திருகியிருப்பார்கள். அதன் நடுவில் ஓட்டை போட்டு ஈயம் ஊற்றியிருக்கும். தகட்டுக்கு மேலே தண்ணீர் இருக்கிறவரைக்கும் ஈயம் உருகாது. தண்ணீர் வற்றினால் ஈயம் உருகிவிடும். அந்த ஓட்டை வழியாக ஆவி இறங்கி நெருப்பை அணைத்துவிடும். ஆள் தவறு செய்தாலும் பாய்லர் வெடிக்காமல் காப்பாற்றுகிற கடைசிக் காவல் அதுதான். கண்ணாடியில் முக்கால் அளவு தண்ணீர் காட்டியபோது, உள்ளே தகடு காய்ந்துகொண்டிருந்தது.

பிளக் உருகினால் சட்டப்படி பாய்லரை நிறுத்தி இன்ஸ்பெக்டருக்குச் சொல்ல வேண்டும். தகடு தாங்குமா என்று அவர் பார்த்த பிறகுதான் மறுபடி பற்றவைக்கலாம். மேனேஜர் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் உமிக் குவியலுக்குப் பின்னால் நிறுத்தினார்.

"எத்தன லாரி வெளிய நிக்குதுன்னு பாத்தியா? இன்ஸ்பெக்டரக் கூப்புட்டா சீசனே போச்சு. ஒன் பாய்லர் சர்டிபிகேட்டும் போச்சு. பம்ப் ரிப்பேருன்னு எழுது. மத்தத நான் பாத்துக்கிறேன்."

நான் எழுதினேன். அது மட்டுமா செய்தேன்? திருச்சியிலிருந்து புது பிளக் வர நாலு நாள் ஆகும், வந்தாலும் மறுபடி உருகித் தொலையும் என்று சொல்லி, உருகிப்போன பிளக்கை அளவுக்குக் கொடுத்து என்னை ஆலங்குடிக்கு அனுப்பினார். லேத்து பட்டறைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நடுவுல ஓட்ட போட்டு ஈயம் ஊத்தணுமேண்ணே?" என்று கேட்டார். "வேணாம், கட்டியாவே இருக்கட்டும்" என்றேன். என் வாயால்தான் சொன்னேன், மச்சான். மேனேஜர் சொல்லவில்லை, அந்த இடத்தில் அவர் இல்லவும் இல்லை. சாயங்காலம் பாய்லர் ஆறியதும் அந்தக் கட்டிப் பித்தளையைத் திருகி ஓட்டையை அடைத்தோம். கண்ணாடிக் குழாயையும் கழற்றி உப்பைச் சுரண்டிவிட்டேன். தகட்டைத் தலையை உள்ளே விட்டுப் பார்த்திருக்கலாம். பார்த்தால் தெரிந்துவிடுமே என்று பயந்து பார்க்கவில்லை.

பாய்லர் ரூமுக்கு அந்தப் பக்கம் ஒரு ஒற்றைச் செங்கல் சுவர். சுவருக்கு அங்கிட்டு நெல் காயவைக்கிற களம். முப்பது பெண்கள். அதில் ஒருத்தி என் வீட்டுக்காரி.

வெள்ளிக்கிழமை காலை நான்தான் பற்றவைத்தேன். உனக்கு முதல் நாள் போன் போட்டு, பம்ப் ரிப்பேர், ஷிப்டுக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு நீ வந்து வழக்கம்போல் கண்ணாடியை ஊதினாய். கை நின்றுவிட்டது. ஒரு வாரமாக இறுகிக் கிடந்த குழாய், வெண்ணெய் மாதிரித் திரும்பியது.

"யாரு மாப்ளே இதக் கழட்டிச் சுத்தம் பண்ணது?"

"பம்ப் பாக்க வந்தவரு சும்மா பண்ணிட்டுப் போனாரு."

"ம்" என்றாய். நான் தப்பித்தோம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சனிக்கிழமையும் ஓடியது. ஞாயிறு மில் லீவு. காலையிலேயே போன் பண்ணி, "மாப்ளே, கோழி அடிச்சிருக்கு. தங்கச்சியக் கூட்டிட்டு வா. ஒரு படம் பாப்போம்" என்றாய். உன் வீட்டுக் கூடத்தில் டிவிக்கு முன்னால் பாயைப் போட்டு இலையையும் போட்டுவிட்டாய். படம் முழுக்க இங்கிலீஷ். நம் இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் தெரிந்த லட்சணம் ஊருக்கே தெரியும். ஆனால் நீ ஏற்கெனவே பலமுறை பார்த்திருந்தாய், கதையை நீயே சொல்லிக்கொண்டு வந்தாய்.

"பயப்படாத, இதுவும் பாய்லர்தான். நாம உமி போடுறோம், அவன் வேற என்னத்தையோ போடுறான். தண்ணியக் கொதிக்க வச்சு ஆவி எடுக்கிறதுக்குத்தான் இம்புட்டு ஆர்ப்பாட்டம்!"

எனக்கு எல்லாம் புரிந்தது, மச்சான். படித்தவர்கள் பார்த்திருந்தால் அணு, கதிர் என்று ஏதேதோ யோசித்திருப்பார்கள். நமக்கு ஒரே கேள்விதான்: உள்ளே தண்ணீர் இருக்கிறதா, இல்லையா? அந்த அறையில் ஆட்கள் பதறியபோது நம் இரண்டு பேர் கையும் தானாக வால்வு திருப்புவது போல் காற்றில் அசைந்தது. உன் வீட்டம்மா அடுப்படி வாசலில் நின்று, "ரெண்டு பேருக்கும் பேய் பிடிச்சிருக்கு" என்று சிரித்தார். அப்புறம் கம்பெனிக்காரர்கள் கூடிப் பேசி நடந்ததை மூடுகிற கட்டம் வந்தது. கோழிக் குழம்பை இலையில் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த அறைக்குப் பொறுப்பான ஷிப்ட் ஆள் தனியாக உட்கார்ந்து பேசுகிற இடம் வந்தது. நீ டிவியைப் பார்த்தபடியே, என் பக்கம் திரும்பாமல், மெதுவாகச் சொன்னாய்.

"இப்ப என்ன சொல்றான் தெரியுமா? நடந்தது என் ஷிப்ட்ல. நான் பாத்திருக்கணும், பாக்கல. இத யார்கிட்டயாவது சொல்லாட்டி என்னால வீட்டுல படுக்க முடியாதுன்னு சொல்றான்."

எனக்குப் புரை ஏறிவிட்டது. எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினேன். நீ ஒரு சொம்புத் தண்ணீரோடு பின்னாலேயே வந்தாய். அங்கே, துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

மச்சான், போன ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தைத் தமிழில் பார்த்தேன். அந்த ஆள் அப்படி எதுவும் சொல்லவில்லை! ஏதோ பழைய ரிப்போர்ட் பற்றிப் பேசினான், எழுந்து போய்விட்டான். படம் முடியும்வரை காத்திருந்தேன். எங்கேயும் இல்லை. உன் தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்து, "இந்த எடத்துலதான ஒங்களுக்குப் பொரை ஏறுச்சு?" என்றாள்.

அந்த வசனத்தை நீதான் எழுதினாய். எனக்காகவே எழுதினாய். கோழி அடித்தது, படம் போட்டது எல்லாம் அதற்குத்தான். வெள்ளிக்கிழமை குழாய் சுலபமாகத் திரும்பியபோதே நான் எதையோ மறைக்கிறேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன். கேட்காமல், நானாகச் சொல்வதற்கு ஒரு வழி திறந்து வைத்தாய். உன்னிடம் கேட்க நினைத்தது இதுதான்: அப்படித்தானே? நீ இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டாய். எனக்கு அவ்வளவுதான் இங்கிலீஷ் தெரியும் என்று மழுப்பியிருப்பாய், கள்ளப்பயலே.

ஆனால் நீ எதிர்பார்த்தது ஒரு சின்னத் தப்பு. கண்ணாடி அடைத்திருக்கும், அதை மறைக்கிறான் என்று நினைத்திருப்பாய். கட்டிப் பித்தளை என்றதும் சொம்பு கையிலிருந்து விழுந்தது.

"நானும் ரெண்டு ஷிப்ட் அது முன்னாடி நின்னேனேடா. அது கெடக்கட்டும். தங்கச்சி செவுத்துக்கு அங்கிட்டுதான நின்னுச்சு?"

உன்னிடம் அடி வாங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நீ அடிக்கவில்லை. உருகின பழைய பிளக் எங்கே என்று கேட்டாய். தூக்கி எறியச் சொன்னார்கள், என் டூல்ஸ் பெட்டியில் கிடக்கிறது என்றேன். "அத மட்டும் உருப்படியாச் செஞ்சிருக்க" என்றாய்.

திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். பற்றவைக்க மாட்டோம் என்றோம். மேனேஜர் முதலில் கெஞ்சினார், அப்புறம் கத்தினார், கடைசியில் வேறு மில்லிலிருந்து ஆள் கொண்டுவருகிறேன் என்று செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தார். நேராகக் களத்துக்குப் போனாய். ஏழு மணி, பெண்கள் டிபன் கேரியரோடு ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள்.

"அக்கா, எல்லாரும் செத்த உக்காருங்க. ஒரு படக் கத சொல்றேன்."

அவர்கள் உனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஆனாலும் உட்கார்ந்தார்கள். நீ கதை சொன்னால் யார்தான் உட்கார மாட்டார்கள்? ஒரு ஊரில் ஒரு பெரிய பாய்லர் என்று ஆரம்பித்தாய். டிவிக்காரப் பொண்ணு வந்ததையும், முள் தப்பாகக் காட்டியதையும், கோட்டுப் போட்ட ஆட்கள் கூடிக் கூடிப் பேசியதையும் கையை ஆட்டி, குரலை மாற்றி, நடந்து காட்டினாய். ஊரையே அழிக்கிற பெரிய வெடிப்பு எப்படி வரும் என்று நீ சொன்னபோது ஒரு கேரியர் மூடிகூட அசையவில்லை. எல்லாருக்கும் மூத்தவர் பஞ்சவர்ணம் அக்கா. அவர்தான் கையை உயர்த்தி உன்னை நிறுத்தினார்.

"கத நல்லாத்தான் இருக்கு தம்பி. காலங்காத்தால நீ சும்மா கத சொல்ல மாட்ட. இங்கிட்டு என்ன நடந்துச்சு? அதச் சொல்லு."

நீ என்னைப் பார்த்தாய். முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டாவது வரிசையில் அவள், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, என் புருஷனுக்கு இதில் என்ன என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

சொன்னேன். ஊதாமல் விட்டதிலிருந்து பட்டறையில் நான் சொன்ன வார்த்தை வரை, எதையும் விடவில்லை. டூல்ஸ் பெட்டியிலிருந்து உருகின பிளக்கை எடுத்துக் காட்டினேன். முதலில் எழுந்தது அவள்தான். கேரியரை எடுத்துக்கொண்டாள், என்னைத் தாண்டி நடந்தாள், கேட் பக்கம் போனாள். பின்னாலேயே மற்ற எல்லாரும் போனார்கள்.

கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார நல்ல இடம் என்றால் லாரி எடைபோடுகிற மேடைதான். வழவழவென்று அகலமாக இருக்கும். அதில் போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் மறியல் பண்ணவே நினைக்கவில்லை. ஆனால் எடை போடாமல் எந்த லாரி உள்ளே வரும்? எது வெளியே போகும்? அரை மணி நேரத்தில் ரோட்டில் நெல் லாரி வரிசை கண்ணுக்கு எட்டிய தூரம் நின்றது. எடை ரூம் பெட்டியில் சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டிருந்தது, ஆயிரத்து ஐநூற்றுச் சொச்சம் கிலோ. மேனேஜர் பெட்டியையும் பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். நீ அவர் காதில், "ஈரம், பதருன்னு கழிவு எதும் போடாதீங்க சார், எல்லாம் நல்ல சரக்கு" என்றாய். அந்த நிலைமையிலும் நான் சிரித்துவிட்டேன்.

முதலாளி புதுக்கோட்டையிலிருந்து காரில் வந்து இறங்கினார். "என்னம்மா, கூலி ஏத்தணுமா?" என்றார்.

"கூலிய அப்பறம் பேசுவோம். மொதல்ல அந்தப் பாய்லரத் தொறந்து காட்டுங்க" என்றார் பஞ்சவர்ணம் அக்கா.

முதலாளிக்கு எதுவும் தெரியாது என்பது அவர் முழித்த முழியிலேயே தெரிந்தது. நான் பிளக்கை அவர் உள்ளங்கையில் வைத்தேன். நடுவில் இருந்த ஓட்டை வழியாக அவர் கையின் ரேகை தெரிந்தது. என்ன ஏது என்று நீ இரண்டே வாக்கியத்தில் சொன்னாய். இன்ஸ்பெக்டருக்கு அவரே போன் போட்டார். அந்த இடத்தில் மட்டும் அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். டார்ச்சோடு அடுப்புக்குள் தலையை விட்டவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்டார். இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் சார் என்று முதலாளி கேட்டார்.

"எத்தன நாள்னு கேக்காதீங்க. எத்தன மணி நேரம்னு கேளுங்க."

பிறகு டார்ச்சை என் கையில் திணித்து, "நீயே பாரு" என்றார். பார்த்தேன். உச்சித் தகடு பூரி மாதிரிக் கீழ்நோக்கி உப்பியிருந்தது. அந்தத் தகட்டுக்கு அடியில்தான் வெள்ளிக்கிழமை நான் நெருப்பு மூட்டினேன். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சுவருக்கு அங்கிட்டு களம் காலியாக இருந்தது. காலியாக இருந்தது, மச்சான். ஒருத்திக்கும் ஒரு கீறல் இல்லை. நாம் ஜெயித்துவிட்டோம். அந்தப் படத்தில் உண்மையைச் சொல்ல வந்த நல்லவனைச் சுட்டே கொன்றுவிடுவார்கள். நம் படத்தில் முப்பது பேரும் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு ஆக்கினார்கள்.

மேனேஜர் அந்த வாரமே போனார். என் சர்டிபிகேட்டை மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். நியாயம்தான். "மூணு மாசம் களத்துல நெல்லுக் கிண்டு மாப்ளே, தங்கச்சிக்கு ஒத்தாசையா இருக்கும்" என்று நீ கேலிக்குச் சொன்னாய். நான் நிஜமாகவே போனேன். வெறுங்காலோடு சூட்டில் நெல்லைக் காலால் கோடு போட்டுக் கிண்டினேன். "பாய்லர்காரரே, கோடு கோணுது" என்று அந்தப் பெண்கள் என்னை ஓட்டித் தீர்த்தார்கள். என் வீட்டுக்காரி பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாவது நாள் களத்தில், பக்கத்து வரியில் நெல்லைத் தள்ளிக்கொண்டே கேட்டாள்: "பயமா இருக்குன்னு எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

புதுத் தகடு போட்டு, உப்பு எடுக்கிற மெஷினும் வைத்து, பாய்லருக்குப் பூசணிக்காய் உடைத்த அன்று முதலாளி எல்லாருக்கும் ஸ்வீட் கொடுத்தார். பஞ்சவர்ணம் அக்கா ஸ்வீட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு நிபந்தனை போட்டார். தினம் காலையில் களத்திலிருந்து ஒருத்தி பாய்லர் ரூமுக்கு வருவாள், அவள் கண் முன்னால் கண்ணாடியை ஊதிக் காட்ட வேண்டும், தண்ணீர் சட்டென்று ஏறுவதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் களத்தில் இறங்குவார்கள். முதலாளி சிரித்துக்கொண்டே சரி என்றார். அவர் அதை விளையாட்டு என்று நினைத்திருப்பார். இன்றைக்கும் நடக்கிறது. மழைநாளில் ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். இப்போது பக்கத்து மில் பெண்களும் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று மில்லில் அடுப்பு மூட்டவில்லை. முதலாளியிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை, அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

இனி உன்னிடம் சொல்ல வேண்டியது. குவைத்திலிருந்து திரும்பி வந்த ஒருவர் ஆலங்குடி பக்கம் புதிதாக மில் கட்டியிருக்கிறார். நம்முடையதைவிட மூன்று மடங்கு பெரிய பாய்லர். அதற்குத் தலைமை ஆள் வேண்டும் என்று நேற்று முன்தினம் என்னைக் கூப்பிட்டிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். சர்டிபிகேட்டைப் பார்த்தார், வயசைக் கேட்டார், பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஒங்க சர்வீஸ்ல பெரிய தப்பு ஏதாவது நடந்திருக்காண்ணே?" என்று கேட்டார்.

முன்பெல்லாம் இப்படி ஒரு கேள்வி வந்தால் என் வாய் என்ன சொல்லும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மச்சான், ஒரு நொடிகூட நான் தயங்கவில்லை. "நடந்திருக்கு சார். என் தப்புதான்" என்று ஆரம்பித்து முழுசாகச் சொன்னேன். பட்டறையில் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். மூன்று மாதம் சர்டிபிகேட் போனதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு நிமிர்ந்ததே தவிரக் குனியவில்லை. நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது இந்த ஒன்றுதான். இதைவிடப் பெரிதாக யாரும் எனக்கு எதுவும் கொடுத்ததில்லை.

அவர் சர்டிபிகேட்டை என் பக்கமே தள்ளி வைத்தார். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"இதுக்கு முன்னாடி நாலு பேரு வந்தாங்கண்ணே. நாலு பேருக்கும் சர்வீஸ்ல ஒரு தப்பும் நடந்ததே இல்லையாம்" என்றார். "நீங்க எப்ப வாரீங்க?"